இரண்டு மாடிகளுக்கு நடுவில்

டாக்டரம்மாவின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. திறந்தால் மேலே கட்டியிருக்கும் சின்ன மணி கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே அம்மா சுற்றிலும் பார்ப்பாள். "இதோ, இவள் இங்கே வருகிறாள்" என்று யாரோ ஊருக்கே சொல்வது போல இருக்கும்.

இன்று வெளியே வரும்போது அந்த மணிகூட அவள் காதில் விழவில்லை. டாக்டரம்மா சொன்னதுதான் உள்ளே நின்றது.

"அடுத்த தடவை அப்பாவும் வரணும்மா. அவர் வராம இதுக்கு மேல என்னால போக முடியாது."

கடிந்து சொல்லவில்லை. எப்போதும் சொல்வதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இதைச் சொன்னார். இப்போதைக்கு மருந்தும் இல்லை, அவசரமும் இல்லை. பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரும் சீண்டாமல் இருக்க வேண்டும். வீட்டில் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும். மற்றதைப் போகப் போகப் பார்க்கலாம். அவ்வளவும் சொல்லிவிட்டு, தண்ணீர் டம்ளரை அம்மாவின் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"நீங்க ரெண்டு பேரும் ஒரு பொய்யைத் தூக்கிட்டுத்தான் இங்க வர்றீங்க. அதுல பாதிக்கு மேல பிள்ளை தலையில இருக்கு. அதை முதல்ல இறக்கி வைக்கணும்."

பொய் சின்னதுதான். வீட்டுக் கணக்கில் குட்டி இந்நேரம் டியூஷனில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டிருக்கிறாள். அப்பா கேட்கவில்லை. கேட்டால்தானே பொய் தடுமாறும்? அவர் கேட்காததால் அது பாட்டுக்கு நன்றாக வளர்ந்துவிட்டது.

குட்டி பெண்ணாகப் பிறந்த பிள்ளை. ஒரே பிள்ளை. பத்தாவது படிக்கிறது. ஒரு விடுமுறை நாளில் அம்மாவோடு கடைக்கு வந்தபோது, ஆண்கள் வரிசையில் இருந்த கனத்த கறுப்பு ஃப்ரேம் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றது. "இதுல கொஞ்சம் நான் மாதிரி தெரியறேன்மா" என்றது. பிறகு மெதுவாக, தான் பெண் இல்லை, ரொம்ப நாளாகவே இல்லை, சொல்லத் தெரியாமல் இருந்தேன் என்றது. எத்தனையோ பேர் மூக்கின் மேல் ஃப்ரேமை வைத்து, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டவள்தான் அம்மா. அன்றைக்கு என்ன கேட்பதென்று தெரியாமல், அந்த ஃப்ரேமைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஒருநாள் பின்னல் போயிற்று. குட்டி தானே வெட்டிக் குளியலறைக் கூடையில் போட்டிருந்தது. அப்பா அதை எடுத்துத் தாளில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அதுவரைக்கும் "மகாராணி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டவர், அன்றிலிருந்து "சாப்பிட்டாச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். மகாராணியும் இல்லை, குட்டியும் இல்லை. பெற்ற பிள்ளையைக் கூப்பிட அவரிடம் ஒரு சொல்லும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த வாரமே அவருடைய அக்கா வந்துபோனாள். ஒரு வருஷம் என்னிடம் விட்டுவை, முடி வளரும்போது புத்தியும் சேர்ந்து வளரும் என்றாள். அவள் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அதை மறைக்கவும் இல்லை, பெருமையாகவே சொன்னாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் போன பிறகு அடுப்படிக்கு வந்து, "டாக்டர் கீக்டர்னு எங்கேயாவது கூட்டிட்டுப் போனேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே கொண்டுபோய் அக்கா வீட்டுல விட்டுடுவேன்" என்றார். சத்தம் போடாமல் சொன்னார். அதுதான் பயம். சத்தம் போட்டிருந்தால் அது கோபம், மறுநாள் ஆறிவிடும்.

ஆகவேதான் அம்மா இந்தக் கட்டடத்தைத் தேடிப் பிடித்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட்டுகள் அவருடைய கம்பெனியின் பொறுப்பு. எந்தக் கட்டடத்தில் எந்த நேரம் டூல் பையோடு வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. நல்ல டாக்டர் என்று நாலைந்து பேரைச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டடமாகப் போய், டாக்டரின் பெயர்ப்பலகையைப் பார்க்கும் முன் லிஃப்ட் கதவின் மேலிருந்த கம்பெனித் தகட்டைப் பார்த்தவள் இந்த உலகத்தில் அம்மா ஒருத்தியாகத்தான் இருக்கும். இங்கே மட்டும் வேறு கம்பெனியின் தகடு. "அவங்க செய்யறது லிஃப்ட் இல்ல, தீப்பெட்டி. ஏறிடாதே" என்று அப்பா கேலி செய்வாரே, அந்தக் கம்பெனி. தகட்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. இந்த டாக்டர்தான் என்று முடிவு செய்துவிட்டாள். நல்லவேளை, டாக்டரும் நல்லவராக இருந்தார்.

நாலு மாடியும் ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் படியில்தான். இன்று, லிஃப்ட் கதவு வாயைத் திறந்துகொண்டு நின்றது. அப்பாவும் வரணும் என்ற பேச்சு கண்ணை மறைத்திருந்தது. அம்மாவின் கால் தானாக உள்ளே போயிற்று. குட்டியும் பின்னாலேயே வந்தது.

மூன்றாவது மாடியில் பல் டாக்டர். அங்கே ஒரு பெரியவர் ஏறினார். ஒரு கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. வாய்க்குள் பஞ்சு. சிரிக்க நினைத்தார், பாதி முகம்தான் சிரித்தது. கதவு மூடியது. லிஃப்ட் ஒரு ஆள் உயரம் இறங்கியிருக்கும், விக்கல் எடுத்த மாதிரி ஒரு குலுக்கு. நின்றுவிட்டது. மின்விசிறி நின்றது. விளக்கு போய், மூலையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது.

பெரியவர் பதறிப்போய் மணிப் பொத்தானை அழுத்தினார். அம்மா அப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பினாள். பொத்தான்களுக்கு மேலே மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது.

அந்த ஸ்டிக்கர் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒன்று இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மூடியில் ஒன்று. ஒழுகும் வாளிக்கு அடியில் ஒன்று. மிச்சமானதையெல்லாம் அப்பா வீட்டுக்குத்தான் கொண்டுவருவார். "பழுதானால் அழைக்கவும்" என்று போட்டு, கீழே அவருடைய கம்பெனியின் எண்.

கொஞ்ச நாள் முன்னால் சாப்பிடும்போது அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேற கம்பெனிக்காரன் கைவிட்ட பழைய லிஃப்ட்டையெல்லாம் எங்க தலையில கட்டிட்டாங்க, இனிமே தீப்பெட்டிக்கும் நான்தான் காவல் என்றார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவின் மேலே தகடு பழையது, கவனிப்பது புதிய ஆள். அதைத்தான் அவள் கவனிக்கவில்லை.

"ஐயா, அதை அமுக்காதீங்க" என்றாள்.

பெரியவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பஞ்சு வாயோடு ஏதோ சொன்னார். ஏன் அமுக்கக்கூடாது என்பதாகத்தான் இருக்கும். அழுத்திக்கொண்டேதான் இருந்தார். கீழே மணி அலறிக்கொண்டே இருந்தது.

குட்டியும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டது. சுவரோடு சாய்ந்து, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டது. "அப்பாவா வருவாரு?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டது.

"வேற யாராவது வருவாங்கடா" என்றாள் அம்மா. இந்த 'டா' ஒன்றுதான் வீட்டில் பயமில்லாமல் புழங்கியது. பெண்பிள்ளையைக்கூட எல்லா அம்மாக்களும் வாடா போடா என்பார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. குட்டி அதைக் கேட்கும்போதெல்லாம் சாப்பாடு கிடைத்த மாதிரி முகம் மாறும்.

வாட்ச்மேன் படியேறி வந்து கதவைத் தட்டினார். கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆள் பக்கத்தில்தான் இருக்கிறாராம், இதோ வந்துவிடுவார் என்று வெளியே இருந்து கத்தினார். அம்மா போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

காற்று கனத்துப்போயிற்று. குட்டியின் மூச்சு சின்னச் சின்னதாக வரத் தொடங்கியது. அம்மாவுக்குக் காரணம் தெரியும். சட்டைக்கு உள்ளே மார்பை இறுக்கிப் பட்டி போட்டிருக்கிறது. ரொம்ப நேரம் போடாதே, இறுக்கிப் போடாதே என்று டாக்டரம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டாலும், பள்ளிக்கூடம் போகும் நாளெல்லாம் கேட்பதில்லை.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா? பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

பெரியவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் மூலையில் நிற்கவைத்த பையன் மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கண்ணையும் மூடிக்கொண்டார். அம்மா பின்னாலிருந்து கையை விட்டுக் கொக்கிகளை எடுத்தாள். குட்டியின் முதுகு வியர்வையில் நனைந்து, கொக்கி பதிந்த தடமாக இருந்தது. மூச்சு உள்ளே போய் வந்தது. "தேங்க்ஸ்மா" என்று அவள் தோளில் சொன்னது.

அப்போது பொத்தான்களுக்கு மேலே ஓட்டை ஓட்டையாக இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ இருமினார்கள்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் கேட்கிற இருமல்.

"உள்ள இருக்கிறவங்க எல்லாரும் நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றது அப்பாவின் குரல். "நான் மொட்டை மாடியில, மெஷின் ரூம்ல இருக்கேன். லிஃப்ட் விழாது. விழணும்னு நினைச்சாலும் விழாது, அப்படித்தான் செஞ்சிருக்கு. காத்து வருது, மேல ஓட்டை இருக்கு. நான் ஒவ்வொண்ணா சொல்லிட்டுத்தான் செய்வேன். சொல்லாம ஒரு சத்தம்கூட வராது. சரிதானா?"

குட்டி அம்மாவைப் பார்த்தது. அம்மா குட்டியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆச்சரியம். வீட்டில் இந்த மனிதர் ஒரு வேளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் செலவழித்ததில்லை. இவ்வளவு பேச்சையும் எங்கே வைத்திருந்தார்? இந்தக் குரலைத்தான் எங்கே வைத்திருந்தார்? காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு குரல்.

எத்தனை பேர் என்று கேட்டார். பெரியவர் என்னமோ சொல்ல, அது சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதாக வந்தது. அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசினால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும்.

வாட்ச்மேன் அதற்குள் மேலே போய் விவரம் சொன்னார் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் அவர் குரல் எட்ட இருந்து கேட்டது. பல் பிடுங்கின பெரியவர் ஒருத்தர் சார், நாலாவது மாடி மனசு டாக்டர்கிட்ட அடிக்கடி வர்ற ஒரு அம்மா, அவங்க பையன் என்றார்.

பையன். வெட்டின முடியையும் சட்டையையும் அன்று கடையில் எடுத்த கறுப்பு ஃப்ரேமையும் பார்த்து வாட்ச்மேன் அவராகவே வைத்துக்கொண்ட முடிவு. குட்டியின் முகத்தில் ஏதோ ஏறி, உடனே பயத்தில் இறங்கியது.

"அந்த அம்மாவுக்குப் பயத்துல பேச வரலையா? பரவால்ல, நிறைய பேருக்கு அப்படித்தான்" என்றார் அப்பா. "தம்பி, நீ இருக்கியா? பேச வேண்டாம். கதவைத் தட்டு. ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. பயமா இருக்காடா தம்பி?"

குட்டி அசையாமல் நின்றது. எத்தனையோ நாள் கழித்து அப்பா அதைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டதும் எப்படிக் கூப்பிட்டிருக்கிறார். கை தானாக உயர்ந்து, கதவில் இரண்டு தட்டுத் தட்டியது. பயமில்லை.

"பார்ரா, சிங்கக்குட்டி" என்று சிரித்தார் அப்பா. "இனிமே உள்ள நீதான் என் ஆளு. அம்மாவைக் கதவுல சாய விடாதே. பெரியவரையும் பார்த்துக்கோ. செய்வியா?"

ஒரு தட்டு.

குட்டி உடனே அம்மாவைக் கையைப் பிடித்துக் கதவிலிருந்து நகர்த்தியது. பெரியவரையும் நகரச் சொல்லிச் சைகை காட்டியது. அவர் மரியாதையாக நகர்ந்தார்.  இப்படி ஒரு சந்தோஷத்தைப் பிள்ளையின் முகத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அதைக் கொடுத்தது, யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கிற மனிதர். திருடிச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

இதற்கு நடுவில் அவள் மனசு இன்னொரு கணக்கும் போட்டது. பதினேழு வருஷம் லிஃப்ட்காரனோடு குடும்பம் நடத்தியவள். இனி நடக்கப்போவது அவளுக்குத் தெரியும். அவர் மேலே நின்று பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை இரண்டாவது மாடிக்கு இறக்குவார். அங்கே கதவைத் திறப்பது வாட்ச்மேன். அப்பா மொட்டை மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அம்மாவும் பிள்ளையும் படியில் ஓடித் தெருவுக்குப் போய்விடலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். டியூஷன் டியூஷனாகவே இருக்கும். அக்கா வீட்டு மாடி அறை பூட்டியே கிடக்கும்.

அதைக் குட்டியின் காதில் சொன்னாள். குட்டி தலையசைத்தது.

மேலே அவர் வேலையை ஆரம்பித்திருந்தார். இப்ப மெயின் சுவிட்சை நிறுத்தறேன், டக்குனு ஒரு சத்தம் வரும் என்பார், வரும். வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து இரண்டாவது மாடிக்கு அனுப்பினார். வேலைக்கு நடுநடுவே தம்பியோடு பேச்சு. எத்தனாவது படிக்கிறே என்று கேட்டு, தட்டி எண்ணச் சொல்லி, பத்தாவதா, அப்ப பெரிய ஆளுதான் என்றார்.

"எனக்கும் வீட்டுல ஒண்ணு இருக்கு, உன் வயசுதான்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. "இப்பல்லாம் என்கிட்ட பேசறதில்ல."

"அவருதானே பேசறதில்ல" என்று குட்டி அம்மாவிடம் முணுமுணுத்தது. கோபமாகச் சொல்ல நினைத்தது. குரல் கோபமாக வரவில்லை.

"சரி தம்பி, எல்லாம் ரெடி. மெதுவாத்தான் சுத்தணும், வீட்டுக்குப் போக நேரமாயிடும். உங்கப்பா தேடுவாருல்ல? உங்க போனுக்கு உள்ள சிக்னல் கிடைக்காது. வாட்ச்மேனை விட்டு அப்பாவுக்குச் சொல்லச் சொல்லட்டுமா? அப்பாவுக்குத் தெரியணுமா, வேணாமா?"

குட்டியின் கை கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது.

அம்மா இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு. இரண்டு தட்டு. வேண்டாம் என்று தட்டு.

குட்டி அந்த இரண்டு விரலைப் பார்த்தது. பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தது. பிறகு ஒரு தட்டுத் தட்டியது.

இன்னொரு தட்டு விழுந்தால் அது 'இல்லை' ஆகிவிடும். அம்மாவின் கை உயர்ந்தது. குட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. முரட்டுத்தனமாக இல்லை. சாலையைக் கடக்கும்போது பிடித்துக்கொள்கிற மாதிரி.

"எனக்கு முடியலம்மா" என்று அவள் காதோடு சொன்னது. "பட்டியைக் கழட்டின மாதிரி இதையும் கழட்டிடும்மா."

"ஒரு தட்டுதான் கேட்டுச்சு. அப்ப தெரியணும்" என்றார் மேலே இருந்தவர். "நல்ல பிள்ளை. அம்மா, ரெண்டாவது மாடிக் கதவு உங்க காலுக்குக் கீழதான் இருக்கு. வாட்ச்மேன் அங்க நிக்கிறாரு. குனிஞ்சு நம்பரைச் சொல்லுங்க. நான் பிரேக்கை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

ஸ்பீக்கர் அடங்கியது.

அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம். அதற்குக் கீழே வாட்ச்மேனின் குரல், சொல்லும்மா என்றது. ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் போதும். யாரோ முகம் தெரியாதவர் எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிடுவார். கதவு திறக்கும். படி இருக்கிறது. தெரு இருக்கிறது.

குட்டி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவின் நம்பர் அதற்கும் மனப்பாடம்.

அம்மா சொன்னாள். மாற்றவில்லை.

மேலே போன் அடித்தது. பழைய காலத்து டெலிபோன் மணி மாதிரி அவர் வைத்திருக்கும் சத்தம், ஸ்பீக்கர் வழியாக உள்ளே வந்து விழுந்தது. பெரியவர் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"ஹலோ" என்றார் அப்பா.

"சார், பயப்படாதீங்க" என்று கீழே வாட்ச்மேன் போனில் பேசுவது இடைவெளி வழியாகக் கேட்டது. "உங்க சம்சாரமும் உங்க பையனும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. மெக்கானிக் வந்துட்டாரு. நல்ல மனுஷன் சார். பையனைப் பேசிப் பேசித் தேத்தி வெச்சிருக்காரு. எங்கே இருக்கீங்க சார்? வர முடியுமா?"



"ஹலோ? ஹலோ? சார்?" வாட்ச்மேன் போனைத் தட்டிப் பார்த்திருப்பார். லைன் போயிடுச்சும்மா என்றார்.

லைன் போகவில்லை. ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது.  இறங்கி வரமாட்டார் என்று நினைத்தாள் அம்மா. இப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் நாம் இங்கேயே கிடப்போம். அப்புறம் நினைத்தாள், இத்தனை மாதமாக வேறு எங்கே கிடந்தோம்?

"பயமா இருக்கா?" என்றது ஸ்பீக்கர்.

தம்பி என்று சொல்லவில்லை. மகாராணி என்றும் சொல்லவில்லை.

குட்டி கதவை ஒரு தட்டுத் தட்டியது. முன்னால் இரண்டு தட்டிய அதே கேள்விக்கு.

"ம்" என்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இப்ப பிரேக்கைத் தளர்த்தப் போறேன். கரகரன்னு சத்தம் வரும். சக்கரத்தை நான் பிடிச்சிருக்கேன். விடமாட்டேன்."

சத்தம் வந்தது. லிஃப்ட் ஒரு விரல் இறங்கி நின்றது. இன்னொரு விரல். ஒவ்வொரு தடவையும் இறக்கறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறக்கினார். அந்தக் குரலில் இப்போது கோபம் இருக்கிறதா, அழுகை இருக்கிறதா என்று அம்மா ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் பார்த்தாள். வேலை மட்டும்தான் இருந்தது.

கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பெரியவர் முதலில் வெளியே வந்து, திரும்பிக் குட்டிக்குக் கை கொடுத்தார். வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். லிஃப்ட்டுக்குள்ளிருந்து ஸ்பீக்கர் பேசியது.

"யாரும் கீழ போகாதீங்க. நான் இறங்கி வர்றேன்."

மாட்டிக்கொண்டவர்களை நேரில் வந்து முகம் பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்புவார். வழக்கம்தான். வழக்கமாகச் சொன்னாரா, வேறு மாதிரி சொன்னாரா என்று தெரியவில்லை.

"அந்த ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?" என்று கேட்டார் வாட்ச்மேன். போனில் கேட்ட 'ஹலோ'வும் இந்தக் குரலும் ஒன்று என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அம்மா.

வாட்ச்மேன் கையிலிருந்த போனைப் பார்த்தார். பாட்டிலைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

கீழே இறங்கும் படி இடது கைப்பக்கம் இருந்தது. அதன் திருப்பத்து ஜன்னலில் தெரு தெரிந்தது. வெயில், ஒரு நாய், பழ வண்டி. குட்டி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலே போகும் படியைப் பார்த்து நின்றது. அம்மா அதன் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

பூட்ஸ் சத்தம் கேட்டது. மொட்டை மாடிக் கதவு சாத்துகிற சத்தம், பிறகு படி. ஒரே சீராக, கனமாக. ஐந்தாவது மாடித் திருப்பம். இறங்கி வந்துகொண்டே இருந்தது. நாலாவது மாடி.

அங்கே நின்றுவிட்டது.

"ஏம்மா நின்னுட்டாரு?" என்றது குட்டி.

 பெரியவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கட்டடம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

பிறகு மேலே, கண்ணாடிக் கதவின் சின்ன மணி கிணுகிணுத்தது. ஒரே ஒரு தரம்.

உள்ளே போனவர் வெளியே வரவில்லை.